பூஸ்டர் கடைசியில்: வன்னியில் அன்ரெனா ரீவிக்குத் தெளிவான படம் எடுக்கும் வழி

சில வருடங்களுக்கு முன் முள்ளியவளையில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ரீவிக்குப் பின்னால் இரண்டு பூஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவியிருந்தன. திரையில் அரிசி அள்ளிக் கொட்டினமாதிரிப் புள்ளி. "மூண்டாவது ஒண்டும் வாங்கிப் பாப்பமோ தம்பி?" என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தேன். அன்ரெனா முருங்கை மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கிலில் நின்றது. அதன் முகம் கடலைப் பார்த்திருந்தது. அதற்கு முன்னால் பலாமரம் ஒன்று குடைவிரித்து நின்றது. பழைய தட்டை வயரில் மூன்று ஒட்டு, மூன்றும் சொப்பிங் பையால் சுற்றியவை. அன்று பின்னேரத்துக்குள் கம்பத்தை மாற்றி, அன்ரெனாவைத் திருப்பி, புதிய வயர் இழுத்து, பூஸ்டர் இரண்டையும் கழற்றினோம். படம் வந்தது. பூஸ்டரைக் கழற்றித்தான் படம் வந்தது என்பதைச் சித்தப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை.

பூஸ்டருக்கு நல்ல அலை எது, இரைச்சல் எது என்று பிரித்தறியத் தெரியாது. வந்ததையெல்லாம் பெருப்பிக்கும், கூடவே தன்னுடைய இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். அன்ரெனாவில் பிடிபடாத அலையை வீட்டுக்குள் வைத்து உண்டாக்க முடியாது. ஆகவே இங்கே சொல்லப்போகும் ஒழுங்கிலேயே வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் ரீவியைப் போட்டுப் பாருங்கள். பாதி வழியிலேயே படம் தெளிந்துவிட்டால் மிச்சக் காசு உங்களுக்கு.

அலை எங்கிருந்து வருகிறது

வன்னியில் பெரும்பாலானோருக்கு விடை கொக்காவில். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியோரம் நிற்கும் கோபுரம். அங்கிருந்த பழைய நிலையம் 1990 இல் போரில் அழிந்தது. இப்போது நிற்பது 2011 இல் திறக்கப்பட்டது, உயரம் 174 மீற்றர். நேர்கோட்டில் அளந்தால் கிளிநொச்சி நகருக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர், முல்லைத்தீவு நகருக்கு 40க்குச் சற்று மேல், வவுனியாவுக்கு 55 அளவில், மன்னார் நகருக்கு 60ஐத் தாண்டும்.

ரீவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், பூமியோ வளைந்தது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் உங்கள் அன்ரெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12 ஆல் பெருக்குங்கள். உயரங்கள் மீற்றரில், விடை கிலோமீற்றரில். கொக்காவில் கோபுரத்துக்கு வர்க்கமூலம் 13.2. உங்கள் கம்பம் 9 மீற்றர் என்றால் அதற்கு 3. கூட்டிப் பெருக்கினால் சுமார் 67 கிலோமீற்றர். எனவே முல்லைத்தீவுக்காரருக்குக் கோபுரம் அடிவானத்துக்கு மேலேதான் நிற்கிறது. மன்னார் நகரம் விளிம்பில். 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் அலைக்கு இதே கணக்கைப் போட்டால் 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். வவுனியாவே அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது, இடையில் மலைகள் வேறு. கிளிநொச்சியிலிருந்து அந்த மலையைத் தேடி அன்ரெனாவைத் திருப்புவது வீண்வேலை.

ஒரு எச்சரிக்கை: எல்லாச் சனலும் ஒரே கோபுரத்திலிருந்து வரவேண்டும் என்றில்லை. உங்கள் ஊரில் நல்ல படம் எடுக்கிற மூன்று நான்கு வீடுகளைப் பாருங்கள். அவர்களின் அன்ரெனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, குறுக்குக் கம்பிகள் படுத்தபடி நிற்கின்றனவா நிமிர்ந்தபடியா என்று கவனியுங்கள். கோபுரம் படுக்கையாக அனுப்பும் அலையை நிமிர்த்திக் கட்டிய அன்ரெனா பிடிக்காது. அது சின்னத் தவறு போலத் தோன்றும், ஆனால் படத்தை முழுதாகவே தின்றுவிடும்.

திரையைப் பார்த்து நோயை அறிதல்

ஏணியைத் தூக்குமுன் ரீவிக்கு முன்னால் கால்மணி நேரம் இருங்கள். படம் முழுக்க ஒரே சீராகப் புள்ளி என்றால் அலை போதவில்லை. சத்தம் தெளிவாக இருக்க நிறம் மட்டும் வந்து வந்து போனாலும் அதே நோயின் தொடக்கந்தான், நிறத்தைச் சுமக்கும் பகுதி முதலில் பலவீனப்படும். உருவத்தின் வலப்பக்கம் இன்னொரு மங்கல் உருவம் நின்றால், தண்ணீர்த் தாங்கியிலோ தகரக் கூரையிலோ கைத்தொலைபேசிக் கோபுரத்திலோ பட்டுத் தெறித்த அலை பிந்தி வருகிறது. அதற்கு உயரம் அல்ல, திசையும் இடமும்தான் மருந்து. குறுக்கே பட்டை பட்டையாகப் பொறி பறந்தால் பக்கத்தில் மோட்டரோ, தளர்ந்த மின்கம்பி இணைப்போ, மலிவான எல்இடி பல்போ இருக்கிறது.

கடைசி நோயைப் பிடிக்க ஒரு சின்ன றேடியோ போதும். பற்றரியில் ஓடும் றேடியோவை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். இரைச்சல் நின்றால் கள்ளன் வீட்டுக்குள். ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்தால் அகப்படுவான். சோலர் வைத்திருப்பவர்கள் சார்ஜ் கொன்ரோலரையும் சந்தேகிக்க வேண்டும்.

திசை

கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து உங்கள் வீட்டிலிருந்து கோபுரம் வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். முல்லைத்தீவுக்குக் கொக்காவில் அநேகமாக நேர் மேற்கு, கிளிநொச்சிக்குத் தெற்கு, பூநகரிக்குத் தென்கிழக்கு, வவுனியாவுக்கு வடக்கு. தொலைபேசியின் திசைகாட்டியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், இரும்பு அதை ஏமாற்றிவிடும். முற்றத்து நடுவில் நின்று திசையைப் பார்த்து, அந்தப் பக்கத்தில் தூரத்தே தெரியும் ஒரு பனையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அன்ரெனாவை அந்தப் பனைக்குக் காட்டினால் போதும். எந்த முனை முகம் என்று குழம்புகிறவர்களும் உண்டு: வரிசையில் நீளமான கம்பி, அல்லது வலைபோன்ற தடுப்பு, பின்பக்கம். குட்டையான கம்பிகள் இருக்கும் முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒருவர் கம்பத்தில், ஒருவர் ரீவிக்கு முன்னால். கத்திக் கத்திச் சொல்வதைவிடத் தொலைபேசி நல்லது. கை விரல் அளவு திருப்பி, ஐந்து விநாடி பொறுத்து, அடுத்த விரல். நல்ல சனலைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், மோசமான சனலைப் பார்த்துச் செய்யுங்கள். நல்லது எப்படியும் வரும்.

நேரமும் முக்கியம். தலைமன்னார், முழங்காவில், நாச்சிக்குடாப் பக்கக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்: காற்று அடங்கிய வெக்கைக் காலத்தில் விடிகாலையிலும் இரவிலும் கடலுக்கு மேல் காற்றடுக்குகள் குழாய்போல் நின்று தூரத்து அலைகளைக் கொண்டுவந்து தள்ளும். இராமேஸ்வரத்தில் 323 மீற்றர்க் கோபுரம் நின்று தூரதர்சன் ஒளிபரப்பிய காலத்தில் இந்தக் கரையில் எத்தனை பேர் அந்த அலைக்காகவே கம்பம் நட்டார்கள். அந்தப் பழைய ஒளிபரப்புகளை இந்தியா பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் காற்று தன் வேலையை நிறுத்தவில்லை. அந்த நேரங்களில் தூரத்து அலை வந்து உங்கள் சனலோடு மோதி, யன்னல் சட்டம்போலக் கோடு விழும், சிலவேளை வழமைக்கு மாறாக நல்ல படமும் வரும். இரண்டையும் நம்பி அன்ரெனாவை இறுக்காதீர்கள். நடுப்பகலில் சரிசெய்யுங்கள்.

உயரமும் கம்பமும்

சண்டை பிடித்தாவது செய்யவேண்டிய வேலை இது. மேலே சொன்ன கணக்கில் 3 மீற்றருக்கும் 9 மீற்றருக்கும் எட்டும் தூர வித்தியாசம் ஐந்து கிலோமீற்றர்தான். பிறகேன் உயர்த்த வேண்டும் என்று கேட்கலாம். தட்டையான நிலத்தில் நேராக வரும் அலையும் நிலத்தில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அடிக்கும், நிலத்துக்குக் கிட்ட அந்த அடி மிக மோசம். அதனால் உயரத்தை இரட்டித்தால் அலை 6 டெசிபெல் வரை, அதாவது வலுவில் நாலு மடங்குவரை, கூடலாம். அன்ரெனாவின் கம்பிகளை இரட்டித்தால் கிடைப்பது இரண்டு மூன்று டெசிபெல்தான். வன்னி மண் தட்டை என்பதால் இந்தக் கணக்கு இங்கே நன்றாகவே பொருந்தும்.

அதோடு காடு. பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காட்டோரத்தில் அன்ரெனா மரத்தலைக்குக் கீழே நின்றால் அலை இலைகளுக்குள்ளால்தான் வரவேண்டும். மழைக்கு நனைந்த இலை இன்னும் மோசம், அதிலும் யூஎச்எப் (21ஆம் சனலும் அதற்கு மேலும்) அலை கூடுதலாக அடிபடும். மார்கழியில் படம் மங்கி மாசியில் தெளிகிறதென்றால் காரணம் அநேகமாக அதுதான். மரத்தலைக்கு மேலே போகமுடியாவிட்டால் வளவுக்குள்ளேயே வேறிடம் தேடுங்கள். கோபுரப் பக்கம் வயலோ குளமோ திறந்திருக்கும் மூலை கிடைத்தால், வயர் பத்து மீற்றர் கூடினாலும் அங்கேயே நடுங்கள்.

பனையிலும் தென்னையிலும் கட்டுவது நம் பழக்கம். காசில்லாத காலத்துக்கு அது சரி. மரம் ஆட அன்ரெனா ஆடும், படம் ஊஞ்சலாடும், ஒருநாள் இடி விழுந்தால் முதலில் வாங்குவதும் அந்த மரந்தான். 20 அடி ஜிஐ பைப் ஒன்றரை அங்குலத்தில் ஒன்று, அதற்குள் இறங்கும் சிறிய பைப் ஒன்று. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றடி இறங்கி, நட் போல்ட்டால் இரண்டு இடத்தில் குத்தி இறுகவேண்டும். இழுவைக் கம்பி மூன்று திசைக்கு, சம இடைவெளியில். உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கில் கட்டி, அடியிலிருந்து உயரத்தின் பாதிக்குக் குறையாத தூரத்தில் முளை அடியுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் இரும்பு முளை நிற்காது. ஒரு பழைய ரயரில் கம்பியைக் கட்டி மூன்றடி ஆழத்தில் புதைத்தால் அசையாது.

தோண்டும்போது கவனம். நம் மண்ணில் இது வெறும் சம்பிரதாயப் பேச்சல்ல. புதிதாக வெளியாக்கிய வளவிலோ இதுவரை கொத்தாத மூலையிலோ அலவாங்கு இரும்பில் தட்டினால் கையை எடுத்துவிடுங்கள். கிளறிப் பார்க்கவேண்டாம். அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

மின்கம்பியும் அப்படியே. கம்பம் எந்தப் பக்கம் சரிந்தாலும் கம்பியில் படாத தூரத்தில் நடவேண்டும், அதற்குக் கம்ப உயரத்தின் ஒரு மடங்கல்ல, ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். காற்று நாளில் பைப்பை நிமிர்த்தாதீர்கள், தனியாகவும் வேண்டாம்.

அன்ரெனா

கடையில் "எல்லாச் சனலும் எடுக்கும்" என்று தருவது பெரும்பாலும் எல்லாவற்றையும் அரைகுறையாக எடுக்கும். உங்களுக்கு வரவேண்டிய சனல்கள் எந்தப் பட்டையில் என்று ரீவியின் ரியூனிங் பக்கத்தில் பாருங்கள். 5 முதல் 12 வரை என்றால் வீஎச்எப், 174 முதல் 230 மெகாஹேட்ஸ். 21உம் அதற்கு மேலும் என்றால் யூஎச்எப், 470 மெகாஹேட்ஸில் தொடங்கும். இரண்டு பட்டையும் வேண்டுமென்றால் இரண்டு தனி அன்ரெனா வைத்து, இரண்டையும் ஒன்றாக்கும் கலப்புப் பெட்டி ஒன்று போடுவது நல்லது. இரண்டு வயரையும் வெறுமனே முறுக்கி ஒட்டினால் ஒன்று மற்றதைத் தின்னும்.

கையாலே செய்ய ஆசையுள்ளவர்களுக்கு: 14300ஐ மெகாஹேட்ஸால் பிரித்தால் நடுக்கம்பியின் நீளம் சென்ரிமீற்றரில் வரும். 8ஆம் சனலின் நடு 198.5 மெகாஹேட்ஸ். அதற்கு 72 சென்ரிமீற்றர். இந்தக் கம்பி, முனைக்கு முனை அந்த நீளம் வரும்படி, மடித்து மூடிய நீள்வட்டமாக இருக்கும், அடிப்பக்க நடுவில் மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் வெட்டு. அதன் பின்னால் 30 சென்ரிமீற்றர் தள்ளி 75.5 நீளத்தில் ஒரு கம்பி, முன்னால் 30 தள்ளி 67 நீளத்தில் ஒன்று. பத்து மில்லிமீற்றர் அலுமினியக் குழாய் போதும், பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இந்த மூன்று கம்பி அன்ரெனாவே 30 கிலோமீற்றர்க்காரருக்குப் பெரும்பாலும் போதுமானது. அதற்கப்பால் என்றால் முன்பக்கம் இன்னும் கம்பிகள் சேர்க்கவேண்டும், அளவு நுணுக்கம் கூடும். அந்த வேலைக்குக் கடை அன்ரெனாவே நேர மிச்சம்.

வயர்

மடித்த கம்பியின் மின்மறிப்பு 300 ஓம், வட்டக் கேபிளினது 75 ஓம். நேரே கொழுவினால் அலையில் ஒரு பங்கு திரும்பிப் போகும். இடையில் ஒரு மாற்றி வேண்டும். கடை அன்ரெனாவின் பெட்டிக்குள் அது இருக்கும், கடையில் தனியாகவும் வாங்கலாம். இல்லாவிட்டால் அதே கேபிளில் ஒரு வளையம் வெட்டிச் செய்யலாம். மேலே சொன்ன 8ஆம் சனலுக்கு, உள்ளே கெட்டிப் பிளாஸ்ரிக் என்றால் 50 சென்ரிமீற்றர், நுரைப் பிளாஸ்ரிக் என்றால் 62. வளையத்தின் இரு முனை நடுக்கம்பிகளும் அன்ரெனாவின் இரு முனைகளுக்கு, ரீவிக்குப் போகும் கேபிளின் நடுக்கம்பி அதில் ஏதாவதொன்றுக்கு, வளையத்தின் இரு முனையிலும் கேபிளிலும் உள்ள வெளிக் கம்பி வலைப்பின்னல் மூன்றும் தங்களுக்குள் ஒன்றாக. ஈயம் ஒட்டி, மேலே சிலிக்கன் பூசுங்கள்.

பழைய தட்டை ரிபன் வயரை எறியுங்கள். காய்ந்திருக்கும்போது அது நல்ல வயர்தான். நனைந்தாலோ, ஜிஐ பைப்போடு சேர்த்துக் கட்டினாலோ, உப்புக் காற்றில் நாலு வருடம் நின்றாலோ அதன் கதை முடிந்தது. ஆர்ஜி-6 என்ற வட்டக் கேபிளை வாங்குங்கள். யூஎச்எப் நடுப்பகுதியில் 30 மீற்றருக்கு அது தின்னுவது ஐந்து டெசிபெல் அளவில். மெல்லிய ஆர்ஜி-59 அதைவிடக் கூடுதலாகத் தின்னும். ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். அன்ரெனாவடியில் கேபிளை ஒரு முறை கீழே வளைத்து மேலே ஏற்றிக் கட்டினால் மழைநீர் வளைவிலேயே சொட்டும், பெட்டிக்குள் போகாது. அணில் கடிக்கும் இடங்களில் பழைய பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

அறைக்கு ஒரு ரீவி வைத்திருப்பவர்களுக்கு: இரண்டாகப் பிரிக்கும் பெட்டி ஒவ்வொரு வழிக்கும் மூன்றரை டெசிபெல் எடுக்கும், நாலாகப் பிரிப்பது ஏழு. சந்தேகமிருந்தால் பெட்டியைக் கழற்றி ஒரு ரீவியோடு மட்டும் பாருங்கள்.

இப்போது பூஸ்டர்

இவ்வளவும் செய்தும் புள்ளி மிச்சமிருந்தால்தான் பூஸ்டர். அதுவும் ரீவிக்குப் பின்னால் அல்ல, கம்பத்தின் உச்சியில், அன்ரெனாவுக்கு ஒரு முழத்துக்குள். கேபிள் அலையைத் தின்னுமுன்னே பெருப்பித்து அனுப்பவேண்டும், தின்றபிறகு பெருப்பித்தால் இரைச்சலும் சேர்ந்தே பெருக்கும். வாங்கும்போது பெருப்பிக்கும் அளவைப் பார்க்காமல் இரைச்சல் எண்ணை, அதாவது பூஸ்டர் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவை, பாருங்கள். அது சிறிதாக இருக்கவேண்டும், பெருப்பு 20 டெசிபெல் கிட்ட இருந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம்.

கம்பத்துப் பூஸ்டருக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏறும். இடையில் சாதாரணப் பிரிப்புப் பெட்டி இருந்தால் அது மின்சாரத்தை மறிக்கலாம், ஆகவே மின்பெட்டியைப் பிரிப்புக்கு முன்னே போடுங்கள். 12 வோல்ற்றில் ஓடும் பூஸ்டர் என்றால் மோட்டார்சைக்கிள் பற்றரியிலும் ஓடும். மின்சாரம் வராத தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தையை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

முறிகண்டி, மாங்குளம், இரணைமடுப் பக்கக்காரர் பூஸ்டர் போடவே வேண்டாம். கோபுரத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பெருப்பித்தால் அது திணறி, ஒரு சனல் இன்னொரு சனலுக்குள் நிழலாக மிதக்கும். அங்கே குறைப்பதுதான் மருந்து, கேபிளுக்கு நடுவில் அலையைக் குறைக்கும் சின்னத் துண்டு ஒன்று.

இலங்கை டிஜிட்டல் முறையாக ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரியை 2014 இல் தெரிந்தெடுத்தது. அந்த மாற்றம் முழுதாக வந்தபிறகும் யூஎச்எப் அன்ரெனாவும் கம்பமும் கேபிளும் இதேதான். டிஜிட்டலில் புள்ளி வராது, படம் இருக்கும் அல்லது திடீரென்று கறுக்கும். நல்ல அலை அப்போதும் தேவைதான்.

இடி

சித்திரை வெக்கை இடியும் ஐப்பசி கார்த்திகை இடியும் உயர்ந்த இரும்புக் கம்பத்தைத் தேடி வரும். நாலைந்து அடி செப்புக் கம்பியொன்றைக் கம்பத்தடியில் இறக்கி, தடித்த வயரால் பைப்போடு இறுக்குங்கள். பெயின்ற் பூசிய இடத்தில் இறுக்கினால் பயனில்லை, சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவேண்டும். ஆனி ஆடி வறட்சியில் அந்த இடத்துக்கு இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றலாம். இதெல்லாம் பக்கத்தில் விழும் இடிக்குத்தான். நேரே விழுவதை எதுவும் தாங்காது. வானம் இருண்டதும் ரீவியின் பிளக்கையும் பூஸ்டர் பிளக்கையும் அன்ரெனாக் கேபிளையும் கழற்றிவிடுங்கள், கேபிள் முனையை ரீவியிலிருந்து தள்ளி வையுங்கள். இடி தொடங்கியபிறகு கழற்றப் போகாதீர்கள்.

எல்லாம் முடிந்து படம் தெளிந்த அன்றே, அன்ரெனாக் கொழுக்கியையும் பைப்பையும் சேர்த்துப் பெயின்ற்றால் ஒரு நிமிர்ந்த கோடு போட்டுவிடுங்கள். சித்தப்பா வீட்டில் குரங்கு தொங்கிவிட்டுப் போன நாட்களில், கோடு எவ்வளவு விலகியது என்று கீழே நின்றே தெரிகிறது.